மூவாயிரம் ஆண்டு விசிறி

நம்மிடையே ஒரு பொய் நெடுநாளாக உலவி வருகின்றது. பரதநாட்டிய உடை மூவாயிரம் ஆண்டுத் தொன்மை வாய்ந்தது, முனிவர்கள் வகுத்த இலக்கணப்படி அமைந்தது, அதில் ஓர் இழையை மாற்றினும் கலைக்கு இழுக்கு என்பதே அப்பொய். ஈப்போ நகரில் கலையிரவு நடந்தாலும் சரி, செமோர் வட்டாரக் கோயில் மண்டபத்தில் பள்ளிப் பிள்ளைகளின் ஆடல் நடந்தாலும் சரி, ஒலிவாங்கியைப் பிடித்த அறிவிப்பாளர் இதனைச் சொல்லாமல் திரையை விலக்குவதில்லை. விழா மலர்களிலும் இதுவே ஆண்டுதோறும் அச்சேறுகின்றது. அவையோர் கைதட்டுகின்றனர். மூவாயிரம் என்னும் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பார் இலர். சில மேடைகளில் அது ஐயாயிரமாகவும் வளர்ந்துவிடுகின்றது.

தீங்கற்ற பொய்யாயின் சிரித்துவிட்டு அகலலாம். இஃது அத்தகையதன்று. ஏழைப் பெற்றோரின் பணப்பையை இது பதம் பார்க்கின்றது. ஆடத் தெரிந்த பிள்ளையை மேடையின் படியிலேயே நிறுத்திவைக்கின்றது. இக்கலையைக் காத்துத் தந்த பெண்டிரின் நினைவை மறைக்கின்றது. ஆகவேதான் இதனை எதிர்த்து எழுத நேர்ந்தது. கலையன்பர் சிலர் சினங்கொள்ளக்கூடும், கொள்ளட்டும்.

முதற்கண் பொருளைப் பார்ப்போம். இன்று நாம் நாட்டிய உடை என்று வழங்குவது யாது? பட்டுப்புடைவை ஒன்றைக் கத்தரியால் வெட்டித் தையற்பொறியில் இட்டுத் தைத்தெடுத்த ஐந்தாறு உறுப்புகளின் தொகுதி. காற்சட்டை ஒன்று, முன்புறம் இரு கால்களுக்கும் நடுவே விரிந்து சுருங்கும் விசிறி ஒன்று, இடையைச் சுற்றிப் பின்புறத்தை மறைக்கும் துண்டு ஒன்று, ரவிக்கை, மார்பின் குறுக்கே செல்லும் மேலாக்கு. கொக்கிகளை மாட்டி நாடாவை இழுத்துக் கட்டினால் உடுத்தல் முடிந்தது. அரைமண்டியில் அமர்ந்ததும் விசிறி விரிகின்றது, நிமிர்ந்ததும் மூடிக்கொள்கின்றது. அழகிய ஏற்பாடு, அதில் ஐயமில்லை. ஆனால் கொக்கியும் தையற்பொறியும் எந்த முனிவரின் காலத்தவை?

மாதவியின் அரங்கேற்றத்தைப் பாடிய இளங்கோவடிகள் அரங்கின் நீள அகலத்தைக் கோல் கொண்டு அளந்து சொல்கின்றார். மூவகை எழினியைச் சொல்கின்றார். ஆடலாசிரியன் முதல் யாழாசிரியன் ஈறாக ஒவ்வொருவரின் தகுதியையும் சொல்கின்றார். கடலாடு காதையிலோ மாதவியின் அணிகலன்களைக் கால்விரல் தொடங்கித் தலை வரை அடுக்குகின்றார். முப்பத்திரண்டு வடம் கொண்ட முத்துமேகலை உண்டு; அதனோடு உடுத்த பூந்துகில் உண்டு; விசிறியைக் காணோம். இத்தனை நுணுக்கம் பார்த்த அடிகள் அதை மட்டும் மறந்துவிட்டார் போலும்! சிதம்பரத்துக் கோபுர வாயில்களில் 108 கரணங்களைக் காட்டி நிற்கும் மகளிரும் தைத்த உடை தரித்தவர் அல்லர். தஞ்சைப் பெரிய கோயிலில் செதுக்கப்பட்ட 81 கரணங்களையும் சான்று காட்ட இயலாது. அங்கே ஆடுபவர் சிவபெருமான்.

அவ்வளவு தொலைவு போவானேன்? நூறாண்டுக்கு முன் சதிர் ஆடிய தேவரடியார் குலப் பெண்டிரின் நிழற்படங்கள் இன்றும் கிடைக்கின்றன. உள்ளே காற்சட்டை அணிந்து, அதன்மேல் சரிகை மிகுந்த கனத்த புடைவையைச் சுற்றி, கொசுவத்தை முன்னே அடுக்கித் தொங்கவிட்டு, ஒட்டியாணத்தால் இறுக்கியிருப்பர். இன்றைய விசிறியின் வித்து அந்தக் கொசுவத்தில் இருந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அது வெட்டப்படாத புடைவை. ஆட்டம் முடிந்து மடித்தால் மீண்டும் புடைவையே. தஞ்சாவூர் மரபின் பெருங்கலைஞர் பாலசரசுவதி 1984இல் மறையும் வரை புடைவை உடுத்தும் அம்மரபை விட்டாரில்லை. 1976இல் சத்யஜித் ராய் அவரைப் பற்றி எடுத்த படத்தைக் கண்டோர் அதனை அறிவர். கடலலையின் முன்னே புடைவை காற்றில் பறக்க அவர் அபிநயம் பிடித்தபோது கலைக்கு இழுக்கு நேர்ந்ததாக எவரும் சொன்னாரில்லை.

அவ்வாறாயின் தைத்த விசிறி பிறந்தது எப்போது? அதனை அறியச் சற்றே பாரிசு நகருக்குச் சென்று திரும்ப வேண்டும். வழி தவறிப் போகின்றோம் என்று எண்ணற்க. நம் விசிறிக்கு அங்கே ஓர் உறவு உண்டு.

ஐரோப்பியரின் பாலே நடனத்தைப் படத்திலேனும் கண்டிருப்பீர்கள். இடையிலிருந்து தட்டுப்போல் விரிந்து நிற்கும் வலைத்துணிப் பாவாடையை அவர்கள் டூட்டூ என்பர். பிரெஞ்சு மொழியில் பின்புறத்தைக் குறிக்கும் மழலைச்சொல் ஒன்றின் திரிபே அப்பெயர் என்பர். கேலியாகத் தொடங்கிய பெயர். அதற்கும் ஆயிரமாண்டு வரலாறு கிடையாது. 1730 வாக்கில் மரீ கமார்கோ என்னும் ஆடலரசி தன் காலடி வேகத்தைப் பிறர் காணவேண்டும் என்று பாவாடையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே உயர்த்தினாள். அதற்கே ஊர் கூச்சலிட்டது. 1832 மார்ச்சு 12ஆம் நாள் மரீ தாக்லியோனி என்பாள் ‘லா சில்பீது’ என்னும் ஆடலில் மணிபோல் விரிந்த வெண்மஸ்லின் பாவாடையுடன் தோன்றினாள். அன்று முதல் அதுவே பாலேயின் உடை என்றாயிற்று. பின்னர் 1885இல் ருசியத் தலைநகரில் வர்ஜீனியா சுக்கி என்னும் இத்தாலியப் பெண் அதனை மேலும் குறுக்கினாள். கால்களின் வித்தை வளர வளரப் பாவாடை மேலேறியது. இருபதாம் நூற்றாண்டில் பத்துப் பன்னிரண்டு அடுக்கு வலைத்துணியும் உள்வளையமும் கொண்ட தட்டாகவே ஆகிவிட்டது. ஆடலின் தேவை உடையை மாற்றிற்று. அவர்கள் அதை மறைப்பதில்லை. மாற்றியவளின் பெயரையும் ஆண்டையும் எழுதிவைத்திருக்கின்றார்கள்.

அந்த அழகுக்குக் கொடுத்த விலையையும் எழுதிவைத்திருக்கின்றார்கள். அக்காலத்து மேடை விளக்குகள் எரிவாயுச் சுடர் விளக்குகள். மெல்லிய துணி எளிதில் தீப்பற்றும். தீப்பற்றாதிருக்கத் துணியை மருந்துநீரில் தோய்க்கும் முறை இருந்தது. தோய்த்தால் துணி விறைத்து நிறம் மங்கிவிடும் என்று எம்மா லிவ்ரி என்னும் இளநங்கை அதனை ஏற்க மறுத்தாள். 1862 நவம்பரில் ஒத்திகையின்போது அவள் பாவாடை தீப்பற்றியது. எட்டு மாதம் துடித்து 1863 சூலையில் மாண்டாள். அகவை இருபதைத் தாண்டி ஓராண்டும் நிறையவில்லை.

இனி உறவுக்கு வருவோம். தாக்லியோனி வெண்பாவாடையில் தோன்றிய ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1838இல், நம் தமிழகத்துத் திருவேந்திபுரத்திலிருந்து தேவரடியார் குழு ஒன்று பிரெஞ்சு வணிகர் ஒருவரால் பாரிசுக்கு அழைத்துச் செல்லப்பட்டது. அக்குழுவில் அம்மணி என்ற பெண் இருந்தாள். தெயோபில் கோத்தியே என்னும் புகழ்பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் அவளைக் கண்டு வியந்து எழுதினார். பார் என்னும் சிற்பி அவளைச் சிறு சிலையாக வடித்தார். அதே சிற்பியே அதற்கு முந்திய ஆண்டு தாக்லியோனியையும் வடித்தவர். ஒரே கையால் உருப்பெற்ற இருவரில் ஒருத்தி டூட்டூவின் தாய். மற்றொருத்தி நம் ஊர்ச் சதிர்க்காரி. இவ்வளவுக்குப் பின்னும் ஐரோப்பிய மேடை தேவரடியாளை அவள் உடையில் காண விரும்பவில்லை. 1877இல் பெத்திப்பா அமைத்த ‘லா பயதேர்’ என்னும் பாலேயின் தலைவி இந்தியக் கோயிலாடும் பெண். அவளும் அவளுடைய நிழலுருக்களும் வெண்ணிற டூட்டூ அணிந்தே ஆடுகின்றனர்! ஐரோப்பியன் நம் கலையைத் தன் உடைக்குள் புகுத்திக்கொண்டான் என்று இதனைக் கண்டு நாம் நகைக்கலாம். நகைப்பதற்குமுன் மறுபக்கத்தையும் பார்த்துவிடுவோம்.

மதுரையிற் பிறந்த ருக்மணி தேவி அருண்டேல், பிரம்மஞான சங்கத்தைச் சார்ந்தவர். 1928இல் பம்பாயில் அன்னா பாவ்லோவா என்னும் உலகப் புகழ்வாய்ந்த ருசிய ஆடலரசியைச் சந்தித்தார். ஆஸ்திரேலியா சென்ற கப்பலிலும் இருவரும் உடன் பயணம் செய்தனர். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டி என்பவரிடம் ருக்மணி தேவி பயின்றது எந்த நடனம் தெரியுமா? பாலே! உன் நாட்டுக் கலையைத் தேடு என்று பாவ்லோவா அறிவுரை சொன்ன பின்னரே அவர் பார்வை சதிரின்பால் திரும்பிற்று. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று, 1935 திசம்பரில் அடையாற்றில் முதன்முறை மேடையேறினார். 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். பழைய சதிர் உடை அவருக்கு உவப்பாயில்லை. கோயிற் சிற்பங்களை நோக்கி, புதிய உடை ஒன்றை அவர் வகுத்தார். அதனைத் தைத்து உருவாக்கத் துணை நின்றவர் மேடம் கசான் என்னும் ஐரோப்பிய மாது. மூவாயிரம் ஆண்டு விசிறியின் பிறப்பு இதுதான். அதற்கு அகவை நூறு இன்னும் நிறையவில்லை.

இதைச் சொல்வதால் ருக்மணி தேவியாரின் பெருமை குறைந்துவிடாது. துணிவும் கலைக்கண்ணும் உடைய அம்மையார் அவர். கைத்தறி நெசவையும் பழைய புடைவை வண்ணங்களையும் காத்துத் தந்தவர். ஆடுபவளின் கால்கோணம் அவையின் கடைசி வரிசைக்கும் தெரியவேண்டும் என்று கருதி உடையை அமைத்தது, கமார்கோ செய்த அதே செயல்தான். அவர் செய்தது புதுமை. புதுமையைப் புதுமை என்று சொல்ல நமக்கு ஏன் நா எழவில்லை என்பதே வினா.

இன்னொரு சாராரையும் இங்கேயே நிறுத்திவிட வேண்டும். பார்த்தீர்களா, அஃது ஐரோப்பியச் சரக்கு, தூக்கி எறியுங்கள் என்று சிலர் கிளம்புவர். அவர்களுக்கும் எனக்கும் உறவில்லை. வயலினை ஏற்றுக்கொண்டு கருநாடக இசை கெட்டுவிட்டதா? உடைக்குக் குலமும் கோத்திரமும் தேடுவதைத்தானே நாம் மறுக்கின்றோம். மறுபுறமிருந்து அதையே செய்வானேன்? மலேசியாவிலேயே பாலேயும் ஒடிசியும் பரதமும் ஒரே உடலிற் பயின்ற ராம்லி இப்ராகிம், 1983இல் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கினார். அவரைத் தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் ஒருங்கே அமர்ந்து காண்கின்றனர்.

என்னைச் சினங்கொள்ளச் செய்வது வேறொன்று. பாரிசு அரங்கில் ஆடிய சிறுமியரும் பெரும்பாலும் ஏழைக் குடியினரே. பணம் படைத்த சந்தாதாரர்கள் அரங்கின் பின்கட்டில் அவர்களைச் சூழ்ந்து நின்றனர். ஓவியர் தெகா அந்தக் கறுப்புக் கோட்டுக்காரர்களையும் தம் ஓவியங்களில் விட்டுவைக்கவில்லை. அவர்களின் வாழ்வும் தேவரடியாரின் வாழ்வைப்போல் பழிச்சொல்லுக்கு ஆளான வாழ்வுதான். ஆயினும் அங்கே ஆடல் அச்சிறுமியரின் கையைவிட்டுப் பறிக்கப்படவில்லை. நம்மிடம் நடந்தது என்ன? 1930களில் சதிர் என்னும் பெயர் போயிற்று, பரதநாட்டியம் என்றாயிற்று. 1947இல் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்தது. அதனால் பெண்டிர் பலர் கொடுமையிலிருந்து மீண்டனர். முத்துலட்சுமி ரெட்டியார் அதற்கென உழைத்த உழைப்பை மறப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் அதே வேளையில், ஆடி வந்தவள் மேடையைவிட்டு இறக்கப்பட்டாள். அவள் புடைவை நாகரிகமற்றது எனப்பட்டது. அதன் இடத்தில் தைத்த உடை வந்தது. பிறகு அந்தத் தைத்த உடைக்கு மூவாயிரம் ஆண்டு வயது சொல்லப்பட்டது. அவ்வயதைச் சொன்னவுடன் நடுவில் நின்ற அப்பெண் காணாமற் போய்விடுகின்றாள். முனிவரிடமிருந்து கலை நேரே நம் கைக்கு வந்துவிட்டதாகத் தோன்றுகின்றது. அம்மணியும் இல்லை, கௌரி அம்மாளும் இல்லை. தொன்மைப் பொய் செய்யும் வேலை இதுதான்.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். செமோரைச் சூழ்ந்த தோட்டங்களுக்கு நம் பாட்டன்மார் பால்மரம் சீவ வந்தபோது பரதநாட்டியத்தைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வரவில்லை. கரகம் வந்தது, கும்மியும் கோலாட்டமும் வந்தன, கூத்தும் வந்தது. லயத்துக்கு முன்னே, திருவிழா இரவில், கட்டியிருந்த புடைவையையே வரிந்து கட்டி ஆடினார்கள். பரதத்தையும் அதன் உடையையும் தோட்டத்து மக்கள் முதலிற் கண்டது வெள்ளித்திரையில். திடலில் திரை கட்டிக் காட்டிய படங்களில் குமாரி கமலாவையும் பத்மினியையும் கண்டு வியந்தார்கள். அவர்கள் கண்ட உடை, அடையாற்றில் பிறந்து கோடம்பாக்கத்தில் மினுக்கேறிய உடை. அதுவே தொன்மரபு என்று நம்பியதில் அவர்கள்மீது குற்றமில்லை. படித்தவர்கள் அதை மேடையேறி உறுதிப்படுத்தியதுதான் குற்றம்.

பால்மரங்கள் பெரும்பாலும் போயின. செம்பனையும் வீடமைப்புத் தாமான்களும் வந்தன. தோட்டத்துப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்று தமிழ்ப்பள்ளியில் பரதம் பயில்கின்றனர், மகிழ்ச்சிக்குரிய செய்தி. தாய் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து, காலையில் பிள்ளைக்குச் சலங்கை கட்டிவிடுகின்றாள். அவளிடம் நாம் கேட்பது என்ன? தைத்த பட்டுடை ஒன்று. அதன்மேல் தலைசாமான், சூரியன், சந்திரன், மாட்டல், ராக்கொடி, சடைநாகம், வங்கி, ஒட்டியாணம். நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் செய்யும் கோயில் நகையாயின் அதன் விலையே வேறு. போலி நகையாயினும் வெள்ளி சில நூறு வேண்டும். அரங்கேற்றம் என்றாலோ பாட்டுக்குப் பாட்டு உடை மாற்ற வேண்டுமாம். செலவு ஆயிரங்களில் ஏறுகின்றது. பதினொரு வகைக் கூத்தும் ஆடிய மாதவி இக்கணக்கைக் கேட்டிருந்தால் புகாரைவிட்டே ஓடியிருப்பாள்.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்தில் நடந்த மாணவர் ஆடற்போட்டி ஒன்றைக் காண நானும் சென்றிருந்தேன். பன்னிரண்டு அகவை மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி, தன் தாயின் கூறைப்புடைவையைக் கச்சமாக வரிந்து, ஊசி குத்தி, கொசுவத்தை முன்னே அடுக்கி வந்து ஆடினாள். தாளம் பிசகவில்லை. அரைமண்டி தளரவில்லை. முகத்தில் பாவம் இருந்தது. உடைக்கென்று ஒதுக்கியிருந்த புள்ளிகளில் அவளுக்குக் கிட்டியது ஏறக்குறைய ஒன்றுமில்லை, பரிசும் கைநழுவிற்று. நீதிபதிகளுள் ஒருவரிடம் காரணம் கேட்டேன். உடை மரபுப்படி இல்லை என்றார். மரபு! பாலசரசுவதியின் மரபுக்கு அன்று அம்மண்டபத்தில் மிக அண்மையில் நின்றவள் அப்பிள்ளை ஒருத்திதான். கடையில் வாங்கிய செயற்கைப் பட்டும் ஒட்டுப்பட்டையும் அணிந்த பிள்ளைகளுக்கு முழுப் புள்ளி. தாயின் புடைவைக்கு மரபில்லை. நீதிபதிக்குத் தீய எண்ணம் இருந்ததாக நான் கருதவில்லை. அவரும் விழா மலர்களைப் படித்து வளர்ந்தவர்தாமே.

ஒழுங்கு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். உடல் மறைய வேண்டும், கால் தடுக்கக்கூடாது, கோணம் தெரியவேண்டும், துணி தூய்மையாக இருக்கவேண்டும்: இவை ஒழுங்கு. புடைவையைச் செவ்வையாகக் கட்டத் தெரிந்தால் இவ்வளவும் அமையும். கட்டத் தெரியாத ஆசிரியர்கள் பெருகிவிட்டமையே உண்மையான இடர்ப்பாடு. தைத்த உடை விரைவாக அணியத்தக்கது, பிள்ளைக்கு வசதி என்பார்கள். அதுவும் மெய்யே. வசதியை வசதி என்று சொல்லுங்கள். சாத்திரம் என்று சொல்லாதீர்கள். கண்ணுக்கு நிறைவாக இருக்கவேண்டாமா என்று இன்னொரு கேள்வி வரும். எவருடைய கண்ணுக்கு? மினுக்கைக் கண்டு நிறைவு கொள்ளும் கண்ணுக்கு அபிநயம் எப்போது தெரியப்போகின்றது?

நடன ஆசிரியர்களின் பிழைப்பில் மண்ணைப் போடுகின்றாய் என்றும் ஒரு நண்பர் கூறினார். ஆடல் கற்பித்து ஊதியம் பெறும் ஆசிரியரை நான் வணங்குகின்றேன். உடை விற்றுத்தான் அவர் பிழைக்கவேண்டும் என்னும் நிலை இருக்குமாயின், அவருடைய ஆசிரியக் கட்டணத்தை உயர்த்துவதைப் பற்றிப் பேசுவோம். அதனைப் பிள்ளையின் இடையிற் கட்டிவிட வேண்டாம்.

செய்யவேண்டியவை பெரியன அல்ல. போட்டித் தாள்களில் உடைக்கென இருக்கும் புள்ளிக்கட்டத்தை அடித்துவிடுங்கள். அல்லது கட்டிய புடைவைக்கும் தைத்த உடைக்கும் ஒரே மதிப்பு என்று விதியில் எழுதுங்கள். ஆட்டத்தை விட்டுவிட்ட அக்காமாரின் உடைகள் நம் வீட்டு அலமாரிகளில் மடிப்புக் கலையாமல் கிடக்கின்றன; அவற்றைத் திரட்டிப் பள்ளிதோறும் ஒரு பெட்டியில் வைத்தால் பத்துப் பிள்ளைகள் ஆடுவார்கள். பிள்ளைகளுக்கு அடவு சொல்லித்தரும்போதே புடைவை கட்டவும் சொல்லித்தாருங்கள். விழா மலர் ஆசிரியர்களுக்கு ஒரு சொல்: மூவாயிரம் என்று அச்சுக்கோத்து வைத்திருக்கும் அப்பக்கத்தில் அம்மணி, கௌரி அம்மாள், ருக்மணி தேவி, கசான் ஆகிய நால்வரின் பெயரையும் ஆண்டோடு போடுங்கள். அடுத்த போட்டிக்கான விதித்தாள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று அறிகின்றேன்.